கன்னம் எரிகிறது, காப்பியை விடணுமா?

கேள்வி: வெயிலில் நின்றாலும் சூடாகக் காப்பி குடித்தாலும் கன்னமும் மூக்கும் எரிந்து சிவக்கின்றன, சின்னக் கொப்புளங்களும் வருகின்றன. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமை நிறுத்தினால் முன்னைவிட மோசம். எப்போது முழுசாகப் போகும்?
– வாசகி, 41 வயது, ஏற்காடு

பதில்: முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பளிச்சென்று ஆக்கிவிட்டு அப்புறம் தோலை இன்னும் கெடுக்கிற சமாச்சாரம். தோல் டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். நீங்கள் சொல்வது ரோசேசியா என்கிற, முகம் சிவந்து எரிகிற நாள்பட்ட தோல் நோய் போல இருக்கிறது. முகப்பருவில் வருகிற கரும்புள்ளி இதில் இருக்காது, மாநிறத் தோலில் சிவப்பும் சட்டென்று தெரியாது என்பதால் பலருக்கு வருஷக்கணக்கில் பரு என்றே வைத்தியம் நடக்கும். ஒட்டுவாரொட்டி இல்லை. முழுசாகப் போகாது, ஆனால் சர்க்கரை நோய் மாதிரி கட்டுக்குள் வைக்கலாம். மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் க்ரீம், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரை என்று டாக்டர் பார்த்துத் தருவார். ஏற்காட்டுக் குளிரில் வெயில் உறைக்காதுதான், ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சேலத்தைவிட அதிகம், அதனால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். காப்பியை விட வேண்டாம், ஆற்றிக் குடியுங்கள். இந்த நோய் கண்ணையும் தொடலாம், அதனால் கண் உறுத்தினால் கண் டாக்டரையும் பாருங்கள்.