தோட்டம் உறங்கும் ஆறு மாதமும் நாரியைத் தயாராக வைத்திருப்பது எப்படி?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 61. மே முதல் ஒக்ரோபர் வரை பின்வளவில் கத்தரி, மிளகாய், பயித்தை, பாகல் என்று நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வேலை இருக்கும். ஸ்னோ தொடங்கினால் வீட்டுக்குள்தான். கிழமையில் நாலைந்து நாள் மோலுக்குப் போய் நடக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு மே மாதமும் மண் கொத்தத் தொடங்கியவுடன் நாரி பிடித்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் சீனியும் ஏறுகிறது. மெற்போமின் மட்டும் எடுக்கிறேன். வீட்டுக்குள் இருந்தபடி என்ன செய்யலாம்?

பதில்: நடையை விடவேண்டாம். இதயத்துக்கும் சீனிக்கும் அது நல்லது. ஆனால் மே மாதத்தில் நாரியைக் காப்பாற்றும் வேலையை நடையிடம் எதிர்பார்க்க முடியாது. வளவில் நிற்கும் இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை தரம் குனிகிறீர்கள், முழங்காலில் இருந்து எழும்புகிறீர்கள், நிறைந்த வாளியைத் தூக்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மோலின் தரை மட்டமானது, கையில் பாரமும் இல்லை. நீங்கள் ஆறு மாதமாக இழப்பது இந்தக் குனிதலையும் தூக்குதலையும்தான். பாரம் கிடைக்காத தொடை, பிட்டம், முதுகுத் தசைகள் மெலிகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் பழைய பலத்துக்குத் திரும்பத் தசையைவிட அதிக காலம் எடுக்கும். அந்த உடம்போடு ஒரே சனிக்கிழமையில் மூன்று மணித்தியாலம் கொத்தினால் நாரி பிடிக்காமல் என்ன செய்யும்?

கனடாவின் 24 மணிநேர அசைவு வழிகாட்டியும் நடையை மட்டும் கேட்கவில்லை. கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் அளவு உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பலப்பயிற்சி, ஒரு நாளில் மொத்தமாக இருந்தபடி கழிக்கும் நேரம் 8 மணித்தியாலத்துக்கு மேற்படாமை ஆகிய மூன்றையும் அது சொல்கிறது. உங்களுக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. கிழமைக்கு இரண்டு நாள், தடவைக்கு 25 நிமிடம் போதும். இரண்டுக்கும் நடுவே 48 மணித்தியால இடைவெளி விடுங்கள்.

தொடங்குமுன் ஒரு சோதனை. சுமார் 43 சென்ரிமீற்றர் உயரமான, கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழும், ஆணுக்கு 14க்குக் கீழும் வந்தால் சராசரிக்குக் குறைவு. எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதி வைத்து, மார்ச்சில் திரும்பவும் எண்ணிப் பாருங்கள். சோதனையே முதல் பயிற்சியும் ஆகும்: மூன்று விநாடி எடுத்து மெல்ல இருங்கள், பிறகு எழும்புங்கள். 8 முதல் 10 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. தொப்பென்று விழுந்து இருந்தால் பாதிப் பலன் போய்விடும், ஏனென்றால் தசை உறுதியாவது இறங்கும்போதும்தான். எழும்பும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சரிந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அடுத்தது, உங்கள் நாரிக்கு மிக அவசியமானது: இடுப்பை மடித்துக் குனிதல். பெரும்பாலானோர் முதுகை வளைத்துத்தான் குனிகிறோம். ஒரு தும்புத்தடிக் கம்பை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். அது பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வாலெலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொடவேண்டும். கால்களை இடுப்பளவு அகட்டி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டு கையிலும் கடைப் பை இருக்கும்போது கார்க் கதவைப் பின்புறத்தால் தள்ளி மூடுவோமே, அதே அசைவு. தொடையின் பின்புறம் இழுபட்டால் சரியாகச் செய்கிறீர்கள். கம்பு வாலெலும்பை விட்டு விலகினால் நாரி வளைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆழத்துக்கு மேல் இப்போதைக்குப் போகவேண்டாம்.

இரண்டு கிழமை கம்போடு மட்டும் பழகுங்கள். பிறகு 10 இறாத்தல் அரிசிப் பையைக் கதிரையின் மேல் வைத்து, அதே அசைவில் தூக்கி நிமிர்ந்து, திரும்ப வையுங்கள். 8 தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவையும் இலகுவாக இருந்தால்தான் அடுத்த படி. ஜனவரி முடிவில் 20 இறாத்தல் (9 கிலோ), பெப்ரவரியில் அதே பாரம் 20 சென்ரிமீற்றர் உயரமான பலகையிலிருந்து. உயரத்தையும் பாரத்தையும் ஒரே கிழமையில் மாற்றாதீர்கள். பை உடம்போடு ஒட்டி வரவேண்டும். கையை நீட்டித் தூக்கினால் அதே 9 கிலோ நாரிக்குப் பல மடங்கு சுமையாகிவிடும். மூச்சை அடக்காதீர்கள்; தூக்கும்போது வெளியே விடுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

முழங்காலில் இருந்து எழும்புவதற்கும் பழக்கம் வேண்டும். தரையில் மெத்தென்ற குஷன், பக்கத்தில் அசையாத கதிரை. ஒரு காலை முன்வைத்து மறு முழங்காலைக் குஷனில் இறக்கி, முன்காலின் குதியால் தரையை அழுத்தி எழும்புங்கள். பக்கத்துக்கு 5. மூட்டுத் தேய்வால் வலித்தால் இதை விட்டுவிட்டு, பேஸ்மென்ற் படியின் கடைசிப் படியில் ஏறி இறங்குவதைப் பக்கத்துக்கு 10 செய்யலாம், கைப்பிடியை விடவேண்டாம்.

கடைசியாக, 4 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒவ்வொரு கையிலும் ஒன்று பிடித்து, தோளைத் தூக்காமல் வீட்டுக்குள் ஒரு நிமிடம் நடை, மூன்று தடவை. கோடையில் பூவாளி தூக்கும் கைக்கும் அதன் பிடிமானத்துக்கும் இது போதும். குசினியில் சட்டி கொதிக்கும் நேரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் 20 விநாடி நிற்பது சமநிலைக்கு.

மறுநாள் தசை உளைந்தால் கவலை இல்லை, இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் வலி வந்து மறுநாள் காலையும் மிஞ்சினால் பாரத்தைப் பாதியாக்குங்கள், முழுதாக நிறுத்தவேண்டாம்.

சீனிக்கு வருவோம். சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸின் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான். அசையும் தசை கூடுதலாக எடுக்கும். ஆகவே காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று சாப்பாட்டுக்கும் பின் 15 நிமிடமாகப் பிரித்து வீட்டுக்குள் நடப்பது உங்களுக்குப் பொருந்தும். சோறு அதிகமான நேரத்துக்குப் பின் நடையைத் தவறவிடாதீர்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்கும் பயம் குறைவு. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சீனியைப் பார்த்து, மருத்துவரிடமும் சொல்லவேண்டும்.

ஸ்னோ தள்ளுவதைத் தோட்ட வேலைக்கு மாற்றாக எண்ணிவிடாதீர்கள். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், கைகளால் தூக்கி எறியும் வேலை பிரஷரை ஏற்றும், கூடவே நாம் மூச்சையும் அடக்கிக்கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் இதயத்துக்குப் பெரும் பாரம். இதய நோய் உள்ளவர்கள், ஸ்ரென்ற் வைத்தவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். ஸ்னோ புதிதாகப் பஞ்சுபோல் இருக்கும்போதே தள்ளிவிடுங்கள்; தூக்கி எறியவேண்டி வந்தால் சவளில் பாதிதான், இடுப்பைத் திருகாமல் காலடியைத் திருப்புங்கள். நகர வண்டி வந்துபோன பின் டிரைவ்வேயின் வாயில் குவிந்து கிடப்பது ஈரமும் கட்டியும் கலந்தது, மிகப் பாரமானது. அதை இளையவர்களிடம் விடுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கை வலி, காரணமில்லாத வியர்வை என்றால் 911. நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சு முட்டலாகவும் மாரடைப்பு வரலாம்.

வெளியே நடப்பதானால் சப்பாத்து முக்கியம். ரொறன்ரோ மறுவாழ்வு நிலைய ஆய்வாளர்கள் குளிர்காலச் சப்பாத்துகளைப் பனிக்கட்டியில் சோதித்து, 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்ற பெயரில் வெண்பனிப்பூச் சின்னத்தால் தரம் குறிக்கிறார்கள்; வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இந்த அட்சரேகையில் வெயில் பட்டும் தோலில் விட்டமின் டி உண்டாகாது. 50 தாண்டியவர்கள் நாளுக்கு 400 அலகு எடுக்கும்படி கனடா சுகாதாரத் துறை சொல்கிறது.

தோட்டமும் முழுதாகத் தூங்குவதில்லை. இரவு 10 பாகைக்கு இறங்குமுன் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுக்கும்போது, இரண்டு நாள் தண்ணீர் விடாமல் பாரத்தைக் குறைத்து, சில்லு வைத்த தட்டில் தள்ளிக்கொண்டு வாருங்கள். மார்ச் தொடக்கத்தில் மிளகாய், கத்தரி விதை போடும் வேலையைத் தரையில் குந்தியோ சோபாவில் கூனியோ செய்யாமல் குசினி மேசையில் நின்று செய்தால், இருக்கும் நேரமும் குறையும்.

ஏப்ரல் கடைசியில் மண்ணைத் தொடலாம். நாற்று நடுவது எப்படியும் விக்ரோரியா தினத்தை ஒட்டித்தான், அவசரம் ஏன்? முதல் கிழமை நாளுக்கு 20 நிமிடம், அடுத்த கிழமை 30, பிறகு 45. ஒரே வேலையை 15 நிமிடத்துக்கு மேல் தொடராமல், கொத்துவது, கூட்டுவது, நின்றபடி கத்தரிப்பது என்று மாற்றுங்கள். எழும்பிய முதல் மணித்தியாலத்தில் கொத்தாதீர்கள். இரவில் முதுகுத்தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருத்திருப்பதால் அப்போது குனிவது கூடுதல் இறுக்கத்தைக் கொடுக்கும். பிடிப்பு வந்தால் படுத்துக் கிடக்காமல் மெல்ல நடமாடுவதே குணமாகும் வழி. காலில் விறைப்பு இறங்கினால், பாதம் தூக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்; சிறுநீர் கட்டுப்படாவிட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

கடையில் வாங்கும் 25 லீற்றர் மண் பை ஈரமாக இருந்தால் 15 கிலோவைத் தாண்டும். குளிர்காலம் முழுக்க 9 கிலோதான் தூக்கிப் பழகியிருக்கிறீர்கள். பையைக் காருக்குள்ளேயே வெட்டி, வாளியில் பாதி பாதியாக அள்ளிப் பின்வளவுக்குக் கொண்டுபோங்கள்.