கையுறையைக் கழற்றினால் ஐந்து நிமிடம்: பி.டி. மாஸ்டர் பதில்கள்

(கடலூர் மாவட்டப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர், வாசகர்களின் மைதானக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

மகன் குடும்பத்தோடு டொராண்டோவில் இருக்கிறான். ஒன்பது வயதுப் பேரனை ஐஸ் ஹாக்கியில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். போன வாரம் வீடியோ காலில் பேசும்போது பின்னால் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு முகத்திலேயே குத்திக்கொள்கிறார்கள். நடுவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஜனம் எழுந்து நின்று கத்துகிறது. பேரனும் கைதட்டினான். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. இது விளையாட்டா? பையனை நிறுத்திவிடச் சொல்லவா?
– ஒரு பாட்டி, திருப்பாப்புலியூர்

அம்மா, முதலில் தூக்கத்துக்கு வழி சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரன் ஆடுகிற ஆட்டத்தில் அந்தச் சண்டை கிடையாது. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கை ஓங்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். உடம்பால் இடித்துத் தள்ளுவதைக்கூட, 11, 12 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் 2013-இல் கனடாவில் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் சின்ன வயதில் அது முன்பே கிடையாது. முகம் முழுக்க மறைக்கிற கம்பி வலை வைத்த ஹெல்மெட் போட்டுத்தான் பிள்ளையை இறக்குவார்கள். நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டொராண்டோவின் ஸ்கார்பரோவில் விடியற்காலை ஆறு மணிக்கு இந்தப் பிள்ளைகளின் பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். விழுவதும் எழுவதும் சிரிப்புமாக இருந்தது. ஆடட்டும். நிறுத்த வேண்டாம்.

நீங்கள் டிவியில் பார்த்தது வேறு. அது என்.எச்.எல்., வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக். 1917-இல் தொடங்கியது. 1922-இல் அவர்கள் ஒரு விதி எழுதினார்கள்: ஆட்டத்தில் குத்துச்சண்டை போட்டால் ஆட்டத்தை விட்டே அனுப்ப வேண்டாம், ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்தால் போதும். நூறு வருஷமாக இந்தச் சண்டை உயிரோடு இருப்பதற்கு இந்த ஒரு விதிதான் காரணம் என்பது என் கருத்து. நாம் ஆடுகிற புல்தரை ஹாக்கியில் ஒருவன் இன்னொருவன் முகத்தில் குத்தினால் சிவப்பு அட்டை, அவ்வளவுதான், அன்றைக்கு அவன் திரும்ப முடியாது. அங்கே ஐந்து நிமிடம். அதிலும் இரண்டு பேருமே உட்காருவதால் எந்த அணிக்கும் ஆள் குறையாது. கணக்குப் பார்த்தால் நஷ்டமே இல்லை. விலை இவ்வளவு மலிவாக இருந்தால் வாங்குகிறவன் வாங்கத்தான் செய்வான்.

நடுவர் ஏன் நிற்கிறார் என்று கேட்டீர்கள். காலில் கத்தி போலக் கூரான பிளேடு, கீழே வழுக்குகிற பனி, இரண்டு பேரும் ஆறடிக்கு மேல். நடுவில் புகுந்தால் அவருக்கு அடிபடும், இல்லையென்றால் ஒருவனை அவர் பிடித்திருக்கும்போது மற்றவன் குத்திவிடுவான். அதனால் லைன்ஸ்மேன்கள் என்கிற துணை நடுவர்கள் கீழே கிடக்கும் மட்டைகளையும் கையுறைகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருவன் விழுந்த நொடியில், அல்லது இருவரும் களைத்த நொடியில் பாய்ந்து பிரிப்பார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் சண்டையில் புகுந்தால் அவனுக்கு ஆட்டமே போச்சு. பெஞ்சிலிருந்து முதலில் இறங்கி ஓடி வருகிறவனுக்குப் பத்து ஆட்டம் தடை. ஆக, கூட்டமாக அடித்துக்கொள்வதை நிறுத்தத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் அடித்துக்கொள்வதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், எனக்கு அது மறக்கவே இல்லை. அந்த வீரர்களின் ஜெர்சியின் உள்பக்கம், முதுகில், ஒரு சின்னப் பட்டை தைத்திருக்கும். அதைக் கால்சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். எதற்கு? சண்டையில் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மறைத்துக் குத்தக் கூடாது என்பதற்கு. அதை மாட்டாமல் சண்டை போட்டுச் சட்டை கழன்றால் தனித் தண்டனை. சட்டை தைக்கும்போதே சண்டைக்கும் சேர்த்துத் தைக்கிறார்கள் அம்மா.

ஸ்கார்பரோவில் இருந்த அதே குளிர்காலத்தில் மருமகன் என்னை ஒரு ஜூனியர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். இரண்டாவது பகுதியில் இரண்டு பேர் கையுறையை உதறினார்கள். ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். உடம்பு தானாக எழுந்துவிட்டது. அப்புறம் ஒரு ஆள் சின்ன மண்வெட்டியோடு வந்து, சிவந்துபோன பனியைச் சுரண்டி எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அந்தப் பையனின் அம்மா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

இந்தச் சண்டைக்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். அவர்கள் சொல்வது என்ஃபோர்சர். நம் ஊர் வார்த்தையில் அடியாள். 'நட்சத்திர வீரனை யாரும் முரட்டுத்தனமாக இடிக்காமல் இருக்க இப்படி ஒருவன் தேவை' என்பதுதான் அவர்கள் எப்போதும் சொல்கிற நியாயம். வெய்ன் கிரெட்ஸ்கி, அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர். 1988-இல் எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாறினபோது அவரோடு சேர்ந்து மார்ட்டி மெக்சோர்லி என்ற காவல்காரரும் போனார். இந்த நியாயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆடினவர்களே பலர் அதை நம்பினார்கள். ஆனால் ஒலிம்பிக்கைப் பாருங்கள். அங்கே குத்தினால் வெளியே. 2010-இல் வான்கூவர் இறுதிப் போட்டியில் கனடாவும் அமெரிக்காவும் அதே என்.எச்.எல். வீரர்களோடுதான் மோதின. கனடா கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது. அடியாள் இல்லாமல் அந்த ஆட்டத்துக்கு என்ன குறை வந்தது?

அடியாளுக்கு என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். டெரெக் பூகார்ட் என்று ஒருவர். ஆறடி ஏழு அங்குலத்துக்குக் குறையாத உடம்பு. என்.எச்.எல்.-இல் 277 ஆட்டம் ஆடினார், மொத்தம் போட்ட கோல் மூன்று. 589 நிமிடம் தண்டனையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையும் தோளும் முதுகும் போய், வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011 மே மாதம் மதுவும் மாத்திரையும் சேர்ந்து 28 வயதில் இறந்தார். மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கினவர்களுக்கு வருகிற சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு அதில் இருந்தது. செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் அந்த நோய் உறுதியாகத் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் இதே வேலை பார்த்த ரிக் ரிப்பியன், வேட் பெலாக் இருவரும் போய்விட்டார்கள். ஒருவருக்கு 27, இன்னொருவருக்கு 35.

தலைக்காயத்தின் ஆபத்தை எங்களிடம் மறைத்தீர்கள் என்று வழக்குப் போட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களோடு 2018-இல் லீக் சமரசம் செய்துகொண்டது. சுமார் 1.9 கோடி டாலர். தவறு எங்களுடையது என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு இதில்தான் கோபம். காசு வாங்கிக் கைதட்ட வைத்தவர்கள் பொறுப்பை மட்டும் குத்தினவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, நல்ல செய்தியும் உண்டு. சண்டை குறைகிறது. 2008-09 பருவத்தில் 1,230 ஆட்டத்தில் எழுநூறுக்கும் மேல் சண்டை. இப்போதைய பருவங்களில் அதில் பாதிகூட இல்லை. ஆட்டம் வேகமாகிவிட்டது, கோல் போடத் தெரியாதவனுக்கு அணியில் இடம் கொடுக்க முடியவில்லை. கனடாவின் கியூபெக் பகுதி ஜூனியர் லீக் 2023-இல் சண்டை போட்டால் வெளியேற்றம் என்றே விதி மாற்றிவிட்டது. ஆனாலும் 2025 பிப்ரவரியில் மான்ட்ரியலில் அமெரிக்காவும் கனடாவும் மோதினபோது முதல் ஒன்பது நொடியில் மூன்று சண்டை. உலகம் முழுக்க அந்த ஒன்பது நொடி வீடியோதான் சுற்றியது. பேரன் கைதட்டினது அவன் குற்றமில்லை. அடுத்த முறை பேசும்போது அவனைத் திட்டாதீர்கள். 'குத்து வாங்கினவன் அப்புறம் எப்படி இருந்தான், கண்ணா?' என்று கேளுங்கள். அவனே திரும்பிப் பார்க்கட்டும்.

ஒரு ஆள் இன்னொரு ஆளை ஆயிரக்கணக்கான பேர் முன்னிலையில் அடித்தால் அது குற்றமில்லையா? மைதானத்துக்குள் போலீஸ் வராதா?
– சட்டக் கல்லூரி மாணவி, காலாப்பட்டு

வந்திருக்கிறதம்மா. மேலே சொன்ன அதே மெக்சோர்லி, 2000 பிப்ரவரியில் வான்கூவரில், ஆட்டம் முடிய மூன்று நொடி இருக்கும்போது டொனால்ட் பிரஷியர் என்பவரின் தலையில் பின்னாலிருந்து மட்டையால் அடித்தார். பிரஷியர் விழுந்து தலை பனியில் மோதி வலிப்பு வந்துவிட்டது. ஆயுதத்தால் தாக்கிய குற்றம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சிறை இல்லை, பதினெட்டு மாத நிபந்தனையோடு விட்டார்கள். லீக்கில் அவர் அப்புறம் ஆடவே இல்லை. 2004-இல் அதே ஊரில் டாட் பெர்ட்டூசி, ஸ்டீவ் மூர் என்ற புது வீரரைப் பின்னாலிருந்து பிடித்துக் குத்தி மேலே விழுந்தார். மூரின் கழுத்து முள்ளெலும்புகளில் மூன்று முறிந்தன, அவருடைய ஆட்டம் அன்றோடு முடிந்தது. பெர்ட்டூசி குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவருக்கும் சிறை இல்லை. நஷ்டஈட்டு வழக்கு 2014 வரை இழுத்தது.

கோடு எங்கே என்றால் சம்மதத்தில். எதிரெதிரே நின்று இருவரும் கையுறையைக் கழற்றினால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சட்டம் கண்டுகொள்ளாமல் விடுகிறது. பின்னாலிருந்து அடித்தால் அதில் சம்மதம் இல்லை. நம் சட்டத்திலும் இதற்கு வேர் உண்டு, நீங்கள் படித்திருப்பீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25. வாள் விளையாட்டுக்கு இருவர் ஒத்துக்கொண்டு ஆடும்போது படுகிற காயம் குற்றமாகாது என்கிற உதாரணம் அங்கேதான் வருகிறது. ஆனால் அந்தப் பிரிவு பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் சம்மதத்தைப் பற்றியது. நான் பார்த்த அந்தப் புருவம் கிழிந்த பையனுக்குப் பதினெட்டு ஆகியிருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இந்தியாவில் ஐஸ் ஹாக்கி உண்டா சார்?
– எட்டாம் வகுப்பு மாணவன், வில்லியனூர்

உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் பெண்களும் ஆண்களும் மட்டையோடு இறங்கிவிடுவார்கள். நம் பெண்கள் அணி 2025-இல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. குத்துச்சண்டை போடாமல்தான்.

எங்கள் கபடி டீமில் ஒரு அண்ணனை அடிப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். நன்றாக ரெய்டு போகிறவனை முதல் ஐந்து நிமிடத்திலேயே முழங்காலாலோ தலையாலோ இடித்து உட்கார வைக்கச் சொல்கிறார் கோச். அப்படித்தான் ஜெயிக்க முடியும் என்கிறார். எனக்கு அடுத்த வருஷம் அந்த இடத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், தேவனாம்பட்டினம்

தம்பி, மறுத்துவிடு. உன் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. காரணம் சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால், பொங்கல் சமயம், ஹாலஜன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கபடிப் போட்டி. என் மாணவன் ரெய்டு போனான். எதிர் அணியில் இதே மாதிரி ஒருவன். தலையோடு தலை மோதின சத்தம் எனக்குக் கோட்டுக்கு வெளியே கேட்டது. பையன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் சோடா அடித்தோம். 'எத்தனை விரல்டா?' என்றேன். சரியாகச் சொன்னான். 'ஆடறியா?' என்றேன். 'ஆடறேன் சார்' என்று எழுந்தவன், எதிர் அணியின் பக்கமாக நடந்து போய் நின்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தோளைப் பிடித்துத் திருப்பி, நம் பக்கம் அனுப்பிவைத்தேன். அன்றைக்கு அரையிறுதி ஜெயித்தோம்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி. அவன் அப்பா சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நாலு நாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு மாதம் தலைவலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வான், அந்த வருஷம் பொதுத்தேர்வு எழுதவில்லை. அவன் தன் பக்கம் எது என்று தெரியாமல் நின்றானே, அதுவே மூளை குலுங்கினதற்கு அடையாளம். எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதற்காக அந்தப் பையனுக்கு நான் செய்தது சரியாகிவிடாது.

தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும், இடம் மறந்தாலும், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, மயக்கம் என்றால் காலைவரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்லாமல் மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. உன் டீமில் எல்லாருக்கும் இதைச் சொல், அந்த அண்ணனுக்கும் சேர்த்து. இடிக்கிறவன் தலையும் தலைதான். பூகார்ட் இடி வாங்கினவர் மட்டுமில்லை, இடித்தவரும்கூட.

டேக்கிள் பிடிக்கக் கற்றுக்கொள். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலி போட்டு மடக்குவது, இதெல்லாம் நாலு மாதம் ஒழுங்காகப் பழகினால் எந்த ரெய்டரையும் முழங்கால் படாமல் நிறுத்தலாம். உங்கள் கோச்சிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கோபப்பட்டால், இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே தேவனாம்பட்டினம் வந்து அவரோடு பேசுகிறேன்.