லயத்து வீடும் கடைவீடும்: மலேசியத் தமிழர், சீனர் நிலை பற்றிய கேள்வி பதில்

மலேசியாவில் சீனரும் இந்தியரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். இன்று ஒரு சமூகம் எங்கே, இன்னொன்று எங்கே என்ற பேச்சு நம் வீடுகளில் ஓய்வதே இல்லை. இதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இடைநிலைப்பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி: சார், இரண்டு பேருமே கூலிகளாகத்தானே வந்தோம்? அவர்கள் எப்படிக் கடை வைத்தார்கள், நாம் ஏன் தோட்டத்திலேயே கிடந்தோம்?

கூலிகளாக வந்தது உண்மை, தம்பி. ஆனால் வந்து இறங்கிய இடம் வேறு.

சீனத் தொழிலாளி பெரும்பாலும் பேராக்கின் லாருட், கிந்தா போன்ற இடங்களில் இருந்த ஈய லம்பங்களுக்குத்தான், அதாவது ஈயச் சுரங்கங்களுக்குத்தான் போனார். அவரை அழைத்து வந்தவரும் சீனர், வேலை கொடுத்தவரும் சீனர். பயணக் கடனை அடைக்கும்வரை அவர் பட்ட பாட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அபினும் காய்ச்சலும் கொண்டுபோன உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கடன் தீர்ந்தபின் அவர் கால்போன பக்கம் போகலாம். லம்பத்தைச் சுற்றி ஊர் முளைத்தது, கோலாலம்பூரே அப்படி முளைத்த ஊர்தான். ஊர் என்றால் தச்சர் வேண்டும், கறிகாய் வேண்டும், சாப்பாட்டுக்கடை வேண்டும். ஹக்கா, ஹொக்கியன் என்று பேச்சுவழக்குவாரியாகச் சங்கங்கள் இருந்தன. தன் ஊர்க்காரர் என்ற ஒரே நம்பிக்கையில் மொத்த வியாபாரி ஒரு மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுப்பார்.

நம்மவரைக் கங்காணி, அதாவது ஊருக்குப் போய் ஆள் திரட்டும் மேஸ்திரி, கூட்டி வந்தார். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் பணம் வாங்கி அரசாங்கமே கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. கப்பல் கடன் இல்லாமல் வந்தோம், நல்லதுதான். ஆனால் நேராகக் காட்டுக்குள் இருக்கும் தோட்டத்துக்குப் போனோம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயம் தோட்டத்துடையது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் இருந்த நிலம்கூடத் தோட்டத்துடையதுதான். வேலையை விட்டால் அன்றைக்கே வீடும் கிடையாது. கடை வைக்க ஊரும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை.

ஒன்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்து வாசலில் ஒரு சீனர் மளிகைக்கடை இருந்தது. பாட்டி சாமான் வாங்கப் போகும்போது உள்ளங்கை அளவு ஒரு நோட்டை மடியில் செருகிக்கொண்டு போவார். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் ‘மூணு அஞ்சு நோட்டு’ தெரியாமல் இருக்காது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கடைக்காரர் பென்சிலால் எழுதிக் கூட்டிப் போடுவார். சம்பள நாளன்று பாட்டி வாங்கிய பணம் நேராக அந்த மேசைக்குப் போகும். அந்தக் கடைக்காரரும் பணக்காரர் இல்லை. கீழே கடை, மேலே குடும்பம், பிள்ளைகள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதும். ஆனால் அவரிடம் கணக்கு இருந்தது, சரக்கு இருந்தது, பட்டணத்தில் அவரை நம்ப ஓர் ஆள் இருந்தார். முப்பது வருடம் மரம் சீவிய பாட்டியிடம் கடைசியில் இருந்தது அந்த நோட்டின் மறுபாதியான கடன்தான்.

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி: இன்றைக்கு வித்தியாசம் எவ்வளவு? எண்களாகச் சொல்ல முடியுமா?

1970இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் சீனருக்கு 394 வெள்ளி (ரிங்கிட்), இந்தியருக்கு 304, மலாய்க்காரருக்கு 172. அப்போது மிக வறியவர்கள் மலாய்க்காரர்கள்தான், அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததற்குக் காரணமே அது. 2019 கணக்கெடுப்பில், நாடு முழுவதுக்குமாக, சீனர் சராசரி 9,895, இந்தியர் 8,216.

இதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 1970இல் சீனக் குடும்பம் 100 வெள்ளி சம்பாதித்தபோது இந்தியக் குடும்பம் 77 சம்பாதித்தது. ஐம்பது வருடம் கழித்து 83. சம்பளத்தில் நாம் நினைக்கிற அளவு பெரிய பள்ளம் இல்லை. பள்ளம் சொத்தில் இருக்கிறது. அதே 1970இல் நிறுவனப் பங்குகளில் சீனர் கையில் இருந்தது 27.2 சதவீதம். இந்தியர் கையில் 1.1. இதை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பிள்ளைகள் ‘சார், புள்ளி தப்பா வைச்சிட்டீங்க’ என்பார்கள்.

மாதச் சம்பளம் வாங்குவது வேறு, வீடோ கடையோ நிலமோ பெயரில் இருப்பது வேறு. வேலை போகும் நாளில், உடம்புக்கு முடியாமல் போகும் நாளில், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில் அந்த வேறுபாடு தெரியும்.

சிரம்பானிலிருந்து: என் மாமனார் ‘சீனன் உழைத்தான், தமிழன் குடித்தான், அவ்வளவுதான்’ என்கிறார். என்ன பதில் சொல்ல?

இதைக் கேட்டால் எனக்கு மனம் வலிக்கும். விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நூற்றுக்கணக்கான மரம் சீவி, தோள்கம்பில் தொங்கும் காண்டாவாளியில் ரப்பர் பாலைத் தூக்கி வந்தவர்களை உழைக்காதவர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

குடிக்கு வருகிறேன். குடி குடும்பங்களை அழித்தது, மறைக்கவில்லை. ஆனால் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் ஏற்பாட்டில். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடையை மூடு என்பது. இன்னொன்று, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலியை எங்களுக்கும் கொடு என்பது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது மூன்றாவது. பட்டாளத்தை விட்டு அடக்கினார்கள், உயிர்கள் போயின. தலைவராக இருந்த ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கூலி ஏன் வேறுபட்டது தெரியுமா? சீனர்கள் ஒப்பந்தக்காரர் மூலம், வேலைக்கு இவ்வளவு என்று பேசி வந்தார்கள். கட்டுப்படியாகாவிட்டால் லம்பத்துக்குப் போய்விடுவார்கள். நம்முடைய கூலியை முதலாளிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து நிர்ணயித்தார்கள். ஒரே மரம், ஒரே கத்தி, கூலி மட்டும் இரண்டு. உங்கள் மாமனாரிடம் இந்தக் கிள்ளான் கதையைச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: சீனர்களுக்கு மட்டும் நிலம் எப்படிக் கிடைத்தது?

எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பலருக்குக் கிடைத்த விதமும் பொறாமைப்படுகிற மாதிரி இல்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தது. காட்டோரம் பயிர் செய்துகொண்டிருந்த சீனர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கொடுக்கிறார்கள் என்று, 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் ஐந்து லட்சம் பேரைப் பிடுங்கி முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். அவைதான் புதுக்கிராமங்கள், ஏறக்குறைய 450. பலர் பழைய தோட்டத்தையும் பன்றிக்கொட்டிலையும் விட்டுவிட்டு லாரியில் ஏறினார்கள். கொடுமைதான். ஆனால் கொஞ்ச காலத்தில் அந்த மனைகளுக்கு ஒரு காகிதம் வந்தது, குத்தகை உரிமையாகவாவது. சாலை வந்தது, பள்ளி வந்தது. பல புதுக்கிராமங்கள் பின்னாளில் பட்டணத்தோடு சேர்ந்துவிட்டன. தோட்டத்துத் தமிழனுக்கு அந்தக் காகிதம் வரவே இல்லை.

கிள்ளானிலிருந்து ஒரு தங்கை: தோட்டம் மூடினபோது அப்பாவுக்கு வயது நாற்பது. ஏன் எல்லாரும் புறம்போக்குக்குப் போனார்கள் என்று கேட்டால் அழுகிறார்.

அழட்டும், அம்மா. கேட்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இது இரண்டு மூன்று அலையாக நடந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அப்புறம் 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல ஆயிரம் பேர், இங்கேயே முதுகு வளைந்தவர்கள், திரும்பிக் கப்பலேறினார்கள். படிவம் நிரப்ப, அலுவலகம் போக ஒருநாள் கூலி போகும் என்று தள்ளிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். பிறகு ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். எண்பது, தொண்ணூறுகளில் பட்டணத்துப் பக்கத்துத் தோட்டங்கள் மேம்பாட்டாளர் கைக்குப் போயின. வீடமைப்பு, கோல்ஃப் திடல், நெடுஞ்சாலை.

எங்கள் லயம் உடைத்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா கதவுநிலையை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கல்யாணமாகி வந்த நாளில் மஞ்சள் தடவிய நிலை. புதுவீடு இல்லை, நிலையை எங்கே வைப்பார்? ஆனாலும் லாரியில் ஏற்றினார்.

நாற்பது வயதில் கையில் மரம் சீவும் தொழில் ஒன்றுதான். நஷ்டஈடு சில ஆயிரம் வெள்ளி இருந்தால் அதிகம். அதே நிலத்தில் எழும்பிய வீட்டின் முன்பணத்துக்குக்கூட அது காணாது. புறம்போக்கைத் தவிர வேறு எங்கே போவார்கள்? உங்கள் அப்பா செய்த தப்பு என்று அதில் எதுவுமே இல்லை.

சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியை: படிப்பில்தான் பின்தங்கினோம் என்று நான் நினைக்கிறேன். சரியா, ஐயா?

பாதி சரி, டீச்சர். 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள், ஒரு கொட்டகையில். கங்காணியோ கிராணியோகூட (தோட்டத்து எழுத்தர்) பாடம் சொல்லிக் கொடுத்ததுண்டு. சீனப் பள்ளியை வியாபாரிகளும் சங்கங்களும் நடத்தினார்கள், அதற்கு மேலே உயர்நிலைப்பள்ளியும் வைத்தார்கள். 1961 கல்விச் சட்டம் வந்தபோது சில சீன உயர்நிலைப்பள்ளிகள் அரசு உதவி வேண்டாம் என்று சொல்லித் தனித்து நின்றன. அப்படித் தனித்து நடக்கும் பள்ளிகள் இன்று சுமார் அறுபது இருக்கின்றன. நமக்கு ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளி முடிந்தது. சுதந்திரத்தின்போது 800க்கு மேல் இருந்தவை இன்று 530க்குக் கொஞ்சம் கூடக் குறைய.

ஆனால் மனம் இல்லாமல் போகவில்லை. 1950களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் எழும்பியபோது முச்சக்கர வண்டிக்காரர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்லி வியக்கிறோம். அதே காலத்தில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது மலாயாப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறைக்காகத் தோட்டத்து ஜனங்கள் ஒவ்வொரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். கொடுத்த கைகளில் வித்தியாசம் இல்லை. சீனர்களுக்கு வண்டிக்காரருக்குப் பின்னால் கோடீஸ்வரர்களும் நின்றார்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். இந்தியர் எல்லாரும் ஏழை என்பது மிகை இல்லையா?

மிகைதான். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசு அலுவலகத்துக்கும் வந்தவர்கள், கிராணிகளாக வந்த மலையாளிகள், செட்டியார்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே ஆங்கிலமோ முதலோ கையில் வைத்திருந்தார்கள். மருத்துவத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் நம் மக்கள்தொகைக்கு மீறிய இடம் இருந்தது. அதனால்தான் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2019இல் இந்தியர் சராசரி 8,216 என்றேன். வரிசையின் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமோ 5,981தான். உங்கள் வீட்டையும் புறம்போக்கு வீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற குடும்பம் எங்கேயும் குடியிருக்கவில்லை.

ஜொகூரிலிருந்து ஒரு தம்பி: மைக்கா என்ற இந்தியர் முதலீட்டு நிறுவனத்தின் பங்கில் தாத்தா பணம் போட்டாராம். சீனர்கள் இப்படி ஏமாறுவார்களா?

ஏமாந்திருக்கிறார்கள். 1986இல் 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது பணம் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சீனர்கள்தான். சீனர் கட்சியான ம.சீ.ச. தொடங்கிய மல்டி பர்ப்பஸ் நிறுவனமும் எண்பதுகளில் பெரும் நஷ்டம் கண்டது. 1982இல் தொடங்கிய மைக்காவில் அறுபதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பணம் போட்டார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. சீனருக்கு அது பல பானைகளில் ஒன்று உடைந்த கதை; நம்மில் பலருக்கு இருந்ததே ஒரு பானை.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் இன்னொரு காகிதமும் இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி. தோட்டங்களைத் துண்டு போட்டபோது, 1960இல் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்குவது என்று ஏற்பாடு. லயம் லயமாக அவரே போய்ப் பேசினார். அந்தச் சங்கம் இன்றும் தோட்டங்களோடு இருக்கிறது. உறுப்பினர் புத்தகம் கிடைத்தால் பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் நகலையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பாட்டி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.