ஃபிரேசர் ஆற்றில் ஒரு நாள் சால்மன்: "எல்லாம் பேக்கேஜில் அடக்கம்" என்றால் நம்பலாமா?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, மீன்பிடிப்பது என்றால் உயிர். ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியா போகும்போது ஃபிரேசர் ஆற்றில் ஒரு நாள் படகில் சால்மன் பிடிக்கலாம் என்று, இணையத்தில் பழக்கமான ஒருவர் மூலம் படகு பேசியிருக்கிறோம். "எல்லாம் பேக்கேஜில் அடக்கம், 65 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸ் வேண்டாம், மீன் நிச்சயம், நாலு பேர் பங்கையும் வெட்டிப் பொதி கட்டித் தந்துவிடுவோம்" என்கிறார். பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அவர் சொன்ன நாலு விஷயங்களில் இரண்டு பொய், ஒன்று யாராலும் தர முடியாத வாக்குறுதி, மிச்சமிருக்கும் "எல்லாம் அடக்கம்" என்பதற்கு அர்த்தமே இல்லை. படகு அடக்கமாக இருக்கலாம், தூண்டிலும் மதியச் சாப்பாடும் அடக்கமாக இருக்கலாம். லைசென்ஸ் எப்படி அடங்கும்? அது மீன்பிடிக்கிற ஆளின் பெயரில் எடுப்பது. ஆற்றில் அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அப்பா. பேக்கேஜ் விற்ற ஆள் அப்போது எங்கோ வீட்டில் இருப்பார்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 65 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்பது ஒன்ராறியோவில் உள்ள ஏற்பாடு, அதுவும் கனடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ராக்கி மலையைத் தாண்டிய பிறகு அது செல்லாது. நீங்கள் வைத்திருக்கும் ஒன்ராறியோ மீன்பிடி அட்டையும் அங்கே வெறும் பிளாஸ்டிக்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தூண்டிலைத் தொடப்போகிற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும்.

எந்த லைசென்ஸ்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத படகுக்காரரோடு போகவே கூடாது. மிஷன் ஊரில் ஃபிரேசருக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்திலிருந்து கடல் வரைக்கும் சட்டத்தின் கண்ணில் அது கடலின் ஏற்ற இறக்கம் எட்டும் நீர். அங்கே பிடிக்க மத்திய அரசின் மீன்வளத்துறை லைசென்ஸ். பாலத்துக்கு மேலே நன்னீர். அங்கே மாகாண அரசின் லைசென்ஸ். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் பிடிக்க முடியாது. மிஷனில் படகு ஏறுகிறவர்கள் காலையில் கீழே, மீன் கடிக்கவில்லை என்றால் பகலில் மேலே என்று போவது சாதாரணம். அப்படிப் போனால் இரண்டும் வேண்டும். அதனால் அந்த நண்பரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "படகு பாலத்துக்கு எந்தப் பக்கம் போகும்?" பதில் வரத் தாமதமானாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாலத்துக்குக் கீழே இருந்த அதே மீன்தான் பத்து நிமிடத்தில் மேலே நீந்திப் போகிறது. பாலத்துக்கு மேலேயும் சால்மனை எப்போது பிடிக்கலாம், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பது மத்திய அரசுதான். லைசென்ஸ் விற்பது மட்டும் மாகாணம். மாகாண லைசென்ஸுக்கு முதலில் உங்கள் பெயரில் ஓர் அடையாள எண் எடுக்க வேண்டும், அதற்கு ஆவணம் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் இருந்து வந்தாலும் ஒன்ராறியோவாசியான நீங்கள் ஒரு வகை, விசிட்டர் விசாவில் வந்த அப்பா இன்னொரு வகை, இருவருக்கும் வேறு வேறு கட்டணம். மீனை வைத்துக்கொள்ள விரும்பினால் அடிப்படை லைசென்ஸ் போதாது, சால்மனுக்கென்று கூடுதல் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் ஒரு நாள் சந்தோஷமாக மீன்பிடிக்க இத்தனை படி ஏறி இறங்க வேண்டுமா? இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி ஒரே சீட்டாக மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பயணத்துக்கு ஒரு வாரமாவது முன்னால் இணையத்தில் நீங்களே உட்கார்ந்து அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். படகுத்துறையில் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

"நாலு பேர் பங்கு" என்றாரே, அதுதான் மோசமான வலை. நாலாவது ஆள் யார்? அம்மாதானே? அம்மா தூண்டில் பிடிக்கப் போவதில்லை என்றால் அம்மாவுக்குப் பங்கே கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற அளவு, லைசென்ஸோடு தானே பிடிக்கிறவருக்கு மட்டும் உரியது. உங்கள் அளவு முடிந்த பிறகு அப்பா பெயரில் நீங்கள் பிடிப்பதும் குற்றம், படகுக்காரர் பிடித்து உங்கள் பெட்டியில் போடுவதும் குற்றம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள். படகில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டாம். கூடவே வரலாம், ஃபிளாஸ்க்கில் தேநீர் ஊற்றித் தரலாம், வீடியோ எடுக்கலாம். ஆனால் அப்பா கை வலிக்கிறது என்று ஐந்து நிமிடம் தூண்டிலை அம்மா கையில் கொடுத்தால், கொக்கி தண்ணீரில் இருக்கும்வரை அந்த ஐந்து நிமிடமும் அம்மா மீன்பிடிக்கிறவர்தான். "இந்தாங்க அம்மா, நீங்களும் ஒரு தடவை சுற்றிப் பாருங்க" என்று படகுக்காரர் ஆசையாக நீட்டுவார். கெட்ட எண்ணம் இருக்காது. அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்குவார். லைசென்ஸ் இல்லாமல் வாங்கக் கூடாது. புகைப்படம் வேண்டுமென்றால் நூலை முழுக்கச் சுற்றி, கொக்கியைப் படகுக்குள் எடுத்த பிறகு தூண்டிலைக் கையில் கொடுத்து எடுங்கள். அம்மாவுக்கு ஆசை வரும் என்று தோன்றினால் அவருக்கும் ஒரு நாள் லைசென்ஸ் முன்பே எடுத்துவிடுவது நல்லது. மனதிலும் பாரம் இருக்காது.

அடுத்தது "மீன் நிச்சயம்". ஃபிரேசரைத் தெரிந்த ஒருவர் வாயில் இந்த வார்த்தை வராது. 2009-ல் சாக்கை சால்மன் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் திரும்பியது. மத்திய அரசு விசாரணை ஆணையமே அமைத்தது. அடுத்த வருடம் 2010-ல் அதே ஆற்றுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேல் வந்தன. சாக்கைக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை பெரிய வரத்து. 2018, 2022 அப்படிப்பட்ட வருடங்கள். பிங்க் சால்மன் ஃபிரேசருக்குப் பெருங்கூட்டமாக வருவது ஒற்றைப்படை வருடங்களில்தான். நீங்கள் போகிற வருடம் எது என்று பார்த்தாலே அந்த நண்பர் எந்த மீனைக் காட்டி விற்கிறார் என்பது விளங்கும்.

அதைவிட முக்கியம், மீன் வருவதும் பிடிக்க அனுமதி இருப்பதும் வேறு வேறு. பிடித்த சாக்கையை வைத்துக்கொள்ள அறிவிப்பு வந்தால்தான் முடியும். அந்த அறிவிப்பு சோதனை வலைகளில் எத்தனை விழுகிறது என்று பார்த்து, பருவத்தின் நடுவில் வரும். திடீரென்று மூடவும் செய்வார்கள். மீனைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் விமான டிக்கெட் எடுத்துக் காத்திருக்கிற குடும்பத்துக்கு ஓரிரு நாள் அவகாசம்கூட இல்லாமல், சட்ட மொழியில் ஓர் அறிவிப்பை இணையத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. என்ன செய்வது, முந்தின நாள் இரவு மத்திய மீன்வளத்துறையின் அறிவிப்பை நீங்களே ஒருமுறை பாருங்கள். மூடிவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். "சால்மன் இல்லையென்றால் ஸ்டர்ஜன் பிடிக்கக் கூட்டிப் போகிறேன்" என்று, அதே ஆற்றில் உள்ள வேறொரு பெரிய மீனுக்கு மாற்றி விடுவது வழக்கமான தந்திரம். வெள்ளை ஸ்டர்ஜனைப் பிடித்தால் விட்டுவிடத்தான் வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பாலத்துக்கு மேலே அதற்குத் தனி லைசென்ஸ் வேறு.

வெறுங்கையோடு திரும்பும்போது கரையில் யாராவது மலிவாக மீன் நீட்டினால் வாங்காதீர்கள். அப்படி விற்கப்படுவதில் சட்டப்படி விற்கக் கூடாத மீனும் உண்டு. பூர்வகுடி மக்கள் தங்கள் உணவுக்கும் சடங்குகளுக்கும் பிடிக்கிற உரிமைக்கு மற்ற எல்லோரையும் விட முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. அந்த மீன் விற்பனைக்கு அல்ல. விற்பனை உரிமத்தோடு விற்கிறவர் என்றால் ரசீது கேட்டால் தருவார். நீங்கள் பிடித்ததையும் யாருக்கும் விற்கக் கூடாது.

மீன் அகப்பட்டால் எது எந்த வகை சால்மன் என்று தெரியாமல் அடித்துவிட வேண்டாம். வாயைத் திறந்து பாருங்கள்: ஈறு கறுப்பாக, வால் முழுக்கப் புள்ளி என்றால் ஷினூக். ஈறு வெளுத்து, வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி என்றால் கோஹோ. சாக்கைக்குத் தெளிவான புள்ளியே இருக்காது. பிங்குக்கு வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள். கோஹோவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் குட்டிச் சதைத் துடுப்பு. அது வெட்டப்பட்டுத் தழும்பாக இருந்தால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன், அனுமதி உள்ள காலத்தில் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் காட்டு மீன், விட்டுவிடுங்கள். விடப்போகிற மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே கொக்கியைக் கழற்றுங்கள். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. இருந்தால் குறட்டால் நசுக்கிவிடலாம். வயிற்றிலோ முதுகிலோ கொக்கி மாட்டி வந்த மீனை, எவ்வளவு பெரியதானாலும், விட வேண்டும்.

பொதி கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் தோல் உரித்து, துண்டம் போட்டு ஒரே பையில் அடைத்துத் தந்தால் வாங்காதீர்கள். எத்தனை மீன், என்ன வகை என்று பார்த்தவுடன் தெரியும்படி இருக்க வேண்டும். துடுப்பு வெட்டிய கோஹோ என்றால் அந்தத் தழும்பு உள்ள பகுதி கூடவே இருக்கட்டும். விமான நிலையம் போகும் வழியிலும் சோதனை நடக்கலாம்.

படகைப் பற்றி இரண்டு கேள்விகள் போதும். பாலத்துக்கு மேலே கூட்டிப் போகிறவரிடம் மாகாண வழிகாட்டி லைசென்ஸ் இருக்கிறதா? பணம் வாங்கி ஆள் ஏற்றும் படகாக அது பதிவாகியிருக்கிறதா? சொந்தப் பொழுதுபோக்குப் படகை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் அப்பாவுக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும், ஏறியதிலிருந்து இறங்கும்வரை உடம்பில் இருக்க வேண்டும். ஃபிரேசர் கலங்கலான, குளிர்ந்த, வேகமான ஆறு. மரக்கட்டைகள் மிதந்து வரும். ஊர்க் கடலில் நீந்திய பழக்கம் அங்கே உதவாது.

அந்த நண்பரிடம் படகுக்காரரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேளுங்கள். தரமாட்டேன், பணம் என் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தந்தால் படகுக்காரரிடமே நேரில் பேசி, எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு, அதற்கேற்ற லைசென்ஸை எடுத்துவிட்டு, அதன் பிறகு முன்பணத்தை அவருக்கே அனுப்புங்கள்.