ஏற்காட்டு விடுதிக்கு மது வரவழைக்க முடியுமா?

சேலத்திலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ ஆப்பில் ஆர்டர் போட்டால் அறைக்கே பாட்டில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. தமிழ்நாட்டில் அது சட்டப்படி இல்லை.

மது மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசுகளே சட்டம் போடும் பட்டியலில், உள்ள விஷயம் என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2020 ஊரடங்கில் மேற்கு வங்கமும் ஒடிசாவும் வீட்டு டெலிவரியை அனுமதித்தன. அதே ஆண்டு மே மாதம், மாநிலங்கள் இதைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது யோசனைதான், உத்தரவு அல்ல. இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே. கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

"கூட நூறு ரூபா குடுங்க, மேல கொண்டாந்து தர்றேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் விற்பது குற்றம். அந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

அதைவிட ஆபத்து, 'ஏற்காடு டோர் டெலிவரி' என்று போன் நம்பரோடு வரும் விளம்பரங்கள். முதலில் அட்வான்ஸ் கேட்பார்கள். பிறகு "ஆர்டர் கேன்சல், ரீஃபண்ட் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். திரையில் பின் நம்பர் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்; பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். உடனே சொன்னால்தான் போன பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு.