கடந்த காலம் தேடிவந்து பிடிக்கும் முன்னாள் ரவுடிக் கதைகளில் உங்களை மிகவும் பாதித்தது எது?

2005இல் டேவிட் குரோனன்பெர்க் இயக்கிய 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்'. 'பாட்ஷா' இருக்கும்போது இதையா சொல்கிறாய் என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆட்டோக்கார மாணிக்கத்தின் பழைய வாழ்க்கை ஒளித்துவைத்த கிரீடம். வெளியே எடுத்ததும் நாம் விசிலடிக்கிறோம். இந்தப் படத்தில் பழைய வாழ்க்கை அடைக்காத கடன்.

இந்தியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உணவுக்கடை நடத்துகிறான் டாம் ஸ்டால். கடைக்குள் புகுந்த இரண்டு கொலைகாரர்களைக் கொதிக்கும் காபிக் குடுவையாலும் அவர்களுடைய துப்பாக்கியாலுமே தீர்த்துவிடுகிறான். தொலைக்காட்சி அவனை வீரனாக்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ஃபிலடெல்ஃபியாக்காரன் ஒருவன், ஒரு கண் சிதைந்தவன், கடைக்கு வந்து உட்கார்ந்து அவனை 'ஜோயி' என்று கூப்பிடுகிறான். அது தன் பெயரே இல்லை என்கிறான் டாம். வந்தவன் விடுவதாக இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரங்கூன் தமிழர்களில் பலரைப் போல எனக்கும் இரண்டு பெயர்கள். அடையாள அட்டையிலும் பள்ளியிலும் பர்மியப் பெயர். வீட்டில் பாட்டி வைத்த பெயர். யாராவது கூப்பிட்டால் எந்தப் பெயருக்குத் திரும்புகிறோம் என்பதை வைத்தே கூப்பிட்டவர் யார் என்று தெரிந்துவிடும். இதில் குற்றம் எதுவும் இல்லை, பழக்கம்தான். ஆனால் ஒரு பெயரை மனிதன் வேண்டுமென்றே புதைத்தால் எப்படி இருக்கும் என்பதை நான் நேரிலும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை மாமா அதிகம் பேசமாட்டார். எல்லோரும் அவரைப் பர்மியப் பெயராலேயே அழைப்போம். ஒருநாள் மௌல்மேன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் ஒலி எழுப்பித்தான் இங்கே கடைப் பையன்களைக் கூப்பிடுவோம். அவர் அப்படிச் செய்யவில்லை. மாமாவின் முதுகைப் பார்த்து, தமிழில், ஒரு பட்டப்பெயரைச் சொன்னார். அருவாள் என்ற சொல்லில் தொடங்கும் பெயர். மாமா திரும்பவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் மட்டும் குவளை நிரம்பித் தட்டில் வழிந்து, தட்டிலிருந்து பலகையில் ஓடியது. பிறகு, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றார். தமிழில் கேட்டதற்குப் பர்மிய மொழியில் பதில்!

படத்துக்கு வருகிறேன். முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டாம் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ப் பழைய கணக்கையெல்லாம் இரத்தத்தில் முடித்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறான். மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. சின்னப் பெண் எழுந்துபோய் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். மகன் இறைச்சித் தட்டை அவன் பக்கம் நகர்த்துகிறான். மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். மன்னித்தாளா இல்லையா என்று இயக்குநர் சொல்லவில்லை. நம் ஊர்ப் படமாக இருந்தால் அங்கே ஒரு பாட்டாவது வந்திருக்கும்.

2023இல் வந்த 'லியோ' இந்தப் படத்துக்குச் செய்த மரியாதைதான். காபிக் கடை, மறுக்கப்படும் பெயர் எல்லாம் அதிலும் உண்டு. சண்டைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையின் மௌனத்தை அதில் நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெரியவர் தேநீரைக் குடித்துவிட்டு க்யாட் நோட்டு ஒன்றைக் குவளைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மாமா அதை எடுக்கவும் இல்லை, எடுக்கப்போன பையனை விடவும் இல்லை. மாலையில் கடை மூடும்போதும் அந்தக் குவளையும் நோட்டும் அங்கேயே இருந்தன.