மூடுபனி நாளில் கூல்ரூம் யோகட் உறைவது ஏன்?

கேள்வி: நுவரெலியாவில் பால், யோகட் வைக்க ஒரு சின்ன கூல்ரூம் வைத்திருக்கிறேன். 4 பாகையில் செட் பண்ணியிருக்கிறது. மூடுபனி, மழை நாட்களில் டிஸ்பிளேயில் 5, 6 என்றே நிற்கும். கொம்பிரசர் ஓய்வதில்லை, யோகட் உறைந்துபோகிறது. சிலவேளை பி1 என்று வரும். வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும். இரண்டு தடவை சென்சர் மாற்றியாயிற்று. கொண்ட்ரோலரையும் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். காலநிலையோடு வந்து போகிற பழுது பெரும்பாலும் வயர் ஜொயின்டில்தான் இருக்கும். புதுச் சென்சரைப் பழைய வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால், எத்தனை சென்சர் மாற்றினாலும் இதே கதைதான்.

உங்கள் கொண்ட்ரோலரில் இருப்பது அநேகமாக 10 கிலோ ஓம் என்டிசி சென்சர். குளிர் கூடக் கூட இதன் தடை கூடும். பரவலாகக் கிடைக்கும் வகையில் 25 பாகையில் 10, 5 பாகையில் 22, 0 பாகையில் 27.3 கிலோ ஓம் இருக்கும். ஜொயின்டில் ஈரம் இறங்கினால் இரண்டு வயருக்கும் இடையே கசிவு உண்டாகி, மொத்தத் தடை குறைகிறது. அந்தக் கசிவு 100 கிலோ ஓம் என்று வையுங்கள். அறை உண்மையில் மைனஸ் 1 பாகையில் இருக்கும்போது கொண்ட்ரோலருக்குக் கிடைப்பது சுமார் 22 கிலோ ஓம். அது 5 பாகை என்று நம்பிக் கொம்பிரசரை ஓட விடுகிறது. யோகட் உறைவது இதனால்தான். செம்பு பச்சை பிடித்து அரித்திருந்தால் நிலைமை மறுதலை: தடை கூடும், அறை இருப்பதைவிடக் குளிராகக் காட்டும், கொம்பிரசர் முன்னதாகவே நின்றுவிடும். தொடுப்பு முழுதாக விட்டுப்போனால், அல்லது வயர்கள் ஷோர்ட் ஆனால், சென்சர் பிழையைக் குறிக்கும் பி1 வரும்.

சோதிப்பதற்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சென்சர் வயர் இரண்டையும் கொண்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும். மீட்டர் முனைகளை இரண்டு கை விரலாலும் பிடிக்காதீர்கள். ஈரக் கையாக இருந்தால் உடம்பே ஒரு கசிவாகிவிடும்.

முதலில் கொண்ட்ரோலர். அதில் சென்சர் வயர் மாட்டியிருந்த முனைகளில் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, கரண்ட் போடுங்கள். 5 பாகைக்குக் கிட்டக் காட்டினால் கொண்ட்ரோலரில் குறையில்லை.

அடுத்து சென்சர். அதை ஜொயின்டிலிருந்து பிரித்தெடுங்கள். கிளாஸ் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கிவிட்டு, சென்சர் கிளாசில் முட்டாதபடி 5 நிமிடம் வைத்து அளந்தால் 27 கிலோ ஓம் அளவில் வர வேண்டும். கொதிநீரை 100 பாகை என்று வைத்துச் சோதிக்க வேண்டாம். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஐஸில் 800 ஓம் அளவே வந்தால் மாட்டியிருப்பது பிடிசி சென்சர், அதாவது குளிரில் தடை குறையும் மறுவகை. கொண்ட்ரோலரில் சென்சர் வகை அமைப்பும் அதற்குப் பொருந்த வேண்டும்.

இரண்டு முனையும் கழன்றிருக்கும்போதே வயரின் இரு இழைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரை மெகா ஓம் அளக்கும் இடத்தில் வைத்தாலும் அது எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கசிவு இருக்கிறது. இதைப் பனி இறங்கியிருக்கும் காலையில் செய்யுங்கள். நண்பகல் வெயிலில் பழுது ஒளிந்துகொள்ளும்.

சரிசெய்ய மிக நல்ல வழி, ஜொயின்டே இல்லாமல் கொண்ட்ரோலர் வரை எட்டும் நீள வயருள்ள சென்சர். முடியாவிட்டால் இரண்டு இழையையும் முன்பின்னாக வெட்டி ஈயம் பற்றவைத்து, தனித்தனியே ஹீட்ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, மேலே உள்பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க் ஒன்றும் போடுங்கள். வெறும் டேப் ஈரத்தைத் தடுக்காது. வயர் சுவருக்குள் நுழையும் துளையைச் சிலிக்கனால் அடையுங்கள். ஈரக் காற்று அவ்வழியே புகுந்து குளிர் பக்கத்தில் நீராகப் படியும். சென்சர் வயரை ஹீட்டர், கொம்பிரசர் வயர்களோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

ஓஃப்செட்டை, அதாவது காட்டும் பாகையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, திருத்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கசிவு வெயிலில் ஒரு அளவு, பனியில் ஒரு அளவு. இன்று ஒத்துவரும் திருத்தம் நாளை பாலைக் கெடுக்கும். பி1 வந்தாலும் பல கொண்ட்ரோலர்கள் கொம்பிரசரை நிமிடக் கணக்கில் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருக்கும், அறையின் குளிரைப் பார்க்காமல். வேலை முடியும்வரை உள்ளே தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, அதை நம்பியே சரக்கை வையுங்கள்.